கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு சாலை

பூதலிங்கத்தின் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே கோர்ட்டார் ஒரு சாலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். வழிமறிப்புச் சட்டத்தில் அதுதான் தண்டனை. பாலியல் கொடுமைக்கு ஆளான ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் யார் குறுக்கே நிற்கிறார்களோ, அவர்கள் மறித்த சாலையை இருந்த இடத்திலிருந்து எடுத்து, அவர்கள் வீட்டுக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். பூதலிங்கம் மறித்தது, தன் வீட்டு வாசலிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிவரை போகிற சாலை.

கோர்ட்டு அமீனா காலையிலேயே அளவுச் சங்கிலியோடு வந்துவிட்டார். ஆட்கள் ஆஸ்பத்திரி முனையில் தொடங்கிச் சாலையைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். வாசற்படியில் ஏற்றும்போது கொஞ்சம் இழுபறி ஆயிற்று. கூடத்துச் சுவரில் இருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சமையலறைப் பக்கமாக விரித்தார்கள். பூதலிங்கத்தின் மனைவி உலகம்மாள் எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள். சமையலறைக்கு அவள் நாலு எட்டில் போய்வந்தது அன்றோடு சரி.

சாலையோடு சேர்ந்து அதில் இருந்ததெல்லாம் வந்தது. பூட்டிக்கிடந்த ஒரு சைக்கிள் கடை, ஒரு புளியமரம், வாய்க்கால் பாலம், அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய சீரியல் பல்பு, வேப்பிலைத் தோரணம், மேலே இருந்த வானம். மறித்த நேரமும் கூடவே வந்துவிட்டது. அதனால் அந்தச் சாலையில் எப்போதும் பொழுது சாய்கிற நேரம்தான். உலகம்மாள் காலையில் கூடத்தை விட்டுக் கிளம்பினால், நடுவழியில் அந்தி, சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தால் மறுபடியும் காலை. இட்லியைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு திரும்பும்போதும் அதே அந்திதான். தோரணத்து வேப்பிலை வாடவே இல்லை.

டவுன் பஸ்ஸும் வந்திருந்தது. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் உலகம்மாள் முழங்கால் வலிக்கிற நாட்களில் பஸ்ஸில் போய்ச் சமைத்துவிட்டு வருவாள். பூதலிங்கம் மட்டும் நடந்துதான் போகவேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தார்கள். அவர் சமையலறைக்கு என்றைக்குப் போனார், இப்போது போக? சாலை போட்டதில் அவருக்கு வந்த ஒரே கஷ்டம், சாம்பார் ஆறிப்போய் வருகிறது என்பதுதான்.

சமையலறைக்கு எதிரே, சாலை முடிகிற இடத்தில், ஆஸ்பத்திரியின் ஒரு கேட் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஊர்ப்பக்கம் இன்னொரு கேட் உண்டு. சாலையை உருவிய இடத்தில் ஊர் ஒட்டிக்கொண்டுவிட்டதால் மற்ற எல்லாருக்கும் ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்துவிட்டது. நல்லதுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பூதலிங்கம் வீட்டு வாசல் வழியாகப் போனால் கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்கு மட்டும் போக முடியாது. சாலை வீட்டுக்குள் இருக்கும்போது வெளியே எப்படிப் போவது?

செண்பகா பூதலிங்கத்தின் தம்பி மகள். தம்பி மஸ்கட்டில் இருந்தான், தம்பி மனைவி இல்லை, ஆகவே பெண் இவர்கள் வீட்டில் வளர்ந்தாள். செல்போன் கடையில் வேலை. பூதலிங்கத்துக்குக் கொடைக் கமிட்டியில் தலைவர் பதவி. அந்த வருஷம் கொடைக்குக் காப்புக் கட்டிய மறுநாள், கமிட்டியின் பொருளாளர் அவளிடம் அந்தக் காரியத்தைச் செய்தான். அவன் இப்போது ஜெயிலில் இருக்கிறான். அதற்கு வேறு சட்டம், வேறு கோர்ட்டு, அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

செண்பகா அந்த நிலைமையில் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று சொன்னாள். பூதலிங்கம் வாசலில் போய் நின்றுகொண்டார். அவர் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னார், அவ்வளவுதான். காப்புக் கட்டிவிட்டால் கொடை முடியும்வரை ஊர்க்காரர்கள் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம். வியாபாரத்துக்குப் போகிறவர்கள் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள். வாய்க்கால் பாலம்தான் எல்லை, ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். ராத்தங்கக் கூடாது என்பதை அன்று பூதலிங்கம், பாலத்தைத் தாண்டவே கூடாது என்று ஆக்கிவிட்டார். தலைவர் சொன்னால் வழக்கம் கேட்டுக்கொள்ளும்.

கதவை யாரும் பூட்டவில்லை. அந்த வீட்டில் பூட்டுக்குத் தேவையே வரவில்லை. கொடையன்று காலையில் பூதலிங்கம் கோயிலுக்கும் உலகம்மாள் குளிக்கவும் போயிருந்தபோது, செண்பகா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக நடந்து போய்ச் சேர்ந்தாள். டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு, முந்தாநாளே வந்திருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாமே என்று சொல்லி, ஏன் வரவில்லை என்று கேட்டார். அவள் சொன்ன காரணத்தை அப்படியே எழுதியும் அனுப்பினார். வழக்கு அப்படித்தான் வந்தது.

சாலையைப் போட்டதோடு தண்டனை முடியவில்லை. பூதலிங்கம் அன்று என்னென்ன சொல்லி மறித்தார் என்பதைச் செண்பகாவின் வாக்குமூலத்திலிருந்து எடுத்து, ஒரு பேச்சுக்கு ஒரு ஆள் என்று கோர்ட்டே நியமித்தது. மறிப்பாளர் என்று பதவிக்குப் பெயர். தற்காலிக வேலைதான், ஆனால் பஞ்சப்படி உண்டு. சாலை ஓரத்தில் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தண்டனைக்காரர் தன் உயிருக்கு ஆபத்து வந்து எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறாரோ, அப்போது எழுந்து தன் பேச்சைச் சொல்லி மறிக்க வேண்டும். அவர் செண்பகாவைத் தாமதப்படுத்தியதற்கு ஏற்ற நேரம் ஆனதும் விலகிவிட வேண்டும். மற்றபடி சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

அவர்கள் அப்படியே ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தார்கள். பேப்பர் படித்தார்கள், வெற்றிலை போட்டார்கள், உலகம்மாள் பஸ்ஸில் போனால் கை ஆட்டினார்கள். பாலத்து ஓரத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற கண்டக்டர் அருணாசலம், பழக்கதோஷத்தில் பஸ் வந்தால் விசில் கொடுப்பார். உலகம்மாள் எல்லாருக்கும் மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆளுக்கொரு பேச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று அவளுக்குத் தெரியும். யாரிடம் என்ன பேச்சு இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில், ஒரு பெண்பிள்ளை இருந்தாள். உலகம்மாள் வயதுதான் இருக்கும். அவளுக்கு மட்டும் நாற்காலி கிடையாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். எந்நேரமும் ஆய்வாள், கீரை குறையாது. மோர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைப்பாள். இவளுக்கு ஒரு நாற்காலி கொடுக்கக் கூடாதா என்று உலகம்மாள் ஒருமுறை அமீனாவிடமே கேட்டாள். தான் போட்ட நாற்காலிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த கொடைக்குக் காப்புக் கட்டின வாரம். பூதலிங்கம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈஸிசேரில் சாய்ந்தவர், நெஞ்சில் யாரோ உரலைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது என்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இடது கை மரத்துவிட்டது. முப்பது வருஷமாக அந்த மனிதர் தலைவலி என்றுகூடச் சொன்னதில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். உடனே வந்துவிட்டார்கள். டிரைவர் வாசலில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குச் சாலை எங்கே என்று கேட்டார். உள்ளே இருக்கிறது என்று உலகம்மாள் காட்டினாள். அவர் நிலைப்படியைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, வண்டி இதற்குள் வராதே அம்மா என்று வருத்தப்பட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வேறு வழியில்லை. உலகம்மாள் கணவரின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கூடத்திலிருந்து சாலையில் இறங்கினாள். அந்தியில் சீரியல் பல்புகள் ஓடி ஓடி அணைந்துகொண்டிருந்தன. எங்கேயோ ஒலிபெருக்கியில் மேளம் கேட்டது. பூதலிங்கம் அந்தச் சாலையில் கால் வைப்பது அதுவே முதல் தடவை. அவர் நடக்கத் தொடங்கியதும், சாலை நெடுக உட்கார்ந்திருந்தவர்கள் பேப்பரை மடித்து வைத்தார்கள்.

சைக்கிள் கடைக்கு எதிரே இருந்த வழுக்கைத்தலைக்காரர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சாலையின் நடுவில் வந்து நின்றார். பல நாள் காத்திருந்து கிடைத்த வேலை என்பதால் கவனமாக நின்றார்.

"விடியட்டும் தாயி. காலைல பாத்துக்கிடலாம்" என்றார்.

செண்பகாவிடம் சொன்னது என்பதால் தாயி என்றுதான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. பூதலிங்கம் தன் பேச்சை அடுத்தவர் வாயில் கேட்டுவிட்டு, நியாயம்தானே என்பதுபோலத் தலையை ஆட்டினார். அவர் சொன்னது அவருக்கு எப்போதும் நியாயமாகத்தான் படும். உலகம்மாள்தான் பேசினாள். நெஞ்சு வலிக்கிறது, முகம் வெளுத்துவிட்டது, இந்தச் சாலையில் என்றைக்கு விடிந்தது, இன்றைக்கு விடிய என்று கேட்டாள். வழுக்கைத்தலைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, விடியட்டும் தாயி என்று மறுபடியும் சொன்னார். குரலில் ஏற்ற இறக்கம் கூட மாறவில்லை. தம்ளரில் தண்ணீர்கூட ஊற்றிக் கொடுத்தார். அவருடைய நேரம் ஆனதும் விலகிப் போய், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தவர் தள்ளி நின்ற இளவயசுக்காரர். இப்பப் போனா ஊருக்கே தெரிஞ்சுபோவும், அப்புறம் தலைநிமிந்து நடக்க முடியுமா தாயி என்று அவருடைய பேச்சு. அதைச் சொல்லும்போது பூதலிங்கத்தின் தலை ஏற்கெனவே உலகம்மாளின் தோளில் சாய்ந்துவிட்டிருந்தது. ஊர் முழுக்கத் தெரிந்தால் தெரியட்டும், எல்லாரும் வந்து தூக்கட்டும் என்று உலகம்மாள் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு எளிதாக வருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. போன வருஷம் அது வாயில் வரவில்லை.

மூன்றாவதாக ஒரு டீச்சரம்மா. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போலீஸ் சீட்டு இல்லாமப் போனா ஆஸ்பத்திரியில தொடக்கூட மாட்டாவ என்றாள். அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று கோர்ட்டில் ஜட்ஜ் எல்லார் முன்னாலும் சொன்னதை உலகம்மாள் நினைவுபடுத்தினாள். முதலில் வைத்தியம், பிறகுதான் மற்றதெல்லாம், என்று அன்று அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னாள். டீச்சரம்மா ஆமாம் என்று தலையசைத்தாள். அவளுக்கும் தெரியும். ஆனால் கொடுத்திருந்த பேச்சு அதுதான்.

பாலத்தருகில் வரும்போது பூதலிங்கத்தின் கால்கள் தரையில் இழுபட்டன. அருணாசலம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நடுப்பாலத்தில் நின்றார். தினமும் மோர் வாங்கிக் குடித்த மனுஷன். கண்ணில் நீர் நின்றது, ஆனாலும் நின்ற இடத்தில் நின்றார்.

"காப்புக் கட்டியாச்சு. பாலத்தைத் தாண்டக் கூடாது தாயி."

பூதலிங்கம் தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார். அந்த வாரம் கட்டிய மஞ்சள் கயிறு அதில் இருந்தது. அதைப் பல்லால் கடித்து அறுக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஐயா, உசுரு போவுது. வழிய விடும்" என்றார்.

அருணாசலம் கையைக் கூப்பினார். கூப்பியபடியே அதே பேச்சைத் திரும்பச் சொன்னார். கீழே வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்று கிளம்பிய செண்பகா இவரிடம் இந்தச் சொற்களைச் சொன்னாளா என்று உலகம்மாள் யோசித்தாள். சொன்னாள். உசுரு போவுது பெரியப்பா என்றுதான் சொன்னாள். உலகம்மாள் அப்போது உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் விழுந்தது.

நேரம் ஆகி அருணாசலம் விலகினார். பாலம் தாண்டினால் ஆஸ்பத்திரி கேட்டின் பச்சை விளக்கு தெரியும், அதற்குப் பக்கத்தில் அவள் சமையலறையின் ஜன்னல். மறிப்பாளர்கள் எல்லாருடைய முறையும் முடிந்துவிட்டது. இனிப் போய்விடலாம் என்று உலகம்மாளுக்கு உயிர் வந்தது. புளியமரத்தடியில் கீரை ஆய்கிறவள் மட்டும்தான் பாக்கி. அவளோ குறுக்கே வரவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

அவள் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள். பூதலிங்கத்தின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். இத்தனை நேரம் மறித்தவர்கள் யாரும் அவரைத் தொட்டிருக்கவில்லை.

"நான் இருக்கேம்லா தாயி. செத்த நேரம் படு. எல்லாம் சரியாப் போவும்" என்றாள்.

மற்ற பேச்சுகளை எப்படியோ தாக்குப்பிடித்து வந்த பூதலிங்கம், இதைக் கேட்டதும் உடைந்துபோனார். ஒரு குழந்தைபோல அவள் மடியில் தலையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டு வந்தது. முகத்தில் வலியே இல்லை. அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். இவளுடைய நேரம் எப்போது முடியும் என்று உலகம்மாள் திரும்பிப் பாலத்துப் பக்கம் பார்த்தாள். அருணாசலம் உதட்டைப் பிதுக்கினார். அவளுக்கு நாற்காலி இல்லை, பதிவு இல்லை, நேரமும் இல்லை. சாலையைச் சுருட்டும்போது அதில் கிடந்து, கூடவே வந்துவிட்டவள்.

அப்போதுதான் உலகம்மாள் அவள் கட்டியிருந்த சேலையைப் பார்த்தாள். ஊதா, அரக்குக் கரை. போன வருஷம் கொடைக்குத் தான் எடுத்தது. அந்தப் பேச்சும் தன்னுடையது. அன்று பூதலிங்கம் வாசலில் நின்று சொன்னதற்கெல்லாம் செண்பகா எதிர்த்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். தான் போய்க் கையைப் பிடித்து, பக்கத்தில் உட்கார வைத்து, நெற்றியைத் துடைத்து, இதைச் சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளை பேச்சை விட்டுவிட்டுப் படுத்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று அதனிடம் சொன்னோமே, எது எப்படிச் சரியாகும் என்று ஒரு வார்த்தை யோசித்தோமா என்று உலகம்மாளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆறுதல் சொல்லியே அந்தப் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டோமே என்று இருந்தது.

அவள் குனிந்து, கணவரின் தலையை அந்த மடியிலிருந்து தூக்கினாள். மடிக்காரி விடவில்லை. கோபமாக இல்லை, அன்பாகத்தான் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்திரிங்க. இப்பமே போவோம். நான் கூட வாரேன்" என்றாள் உலகம்மாள்.

கணவரிடம்தான் சொன்னாள். சொல்லும்போது அவள் கண் முன்னால் இருந்தது, செருப்போடு பாயில் படுத்திருந்த பிள்ளை. மடிக்காரியின் கைகள் தளர்ந்தன. அவள் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கீரையை விட்ட இடத்திலிருந்து ஆயத் தொடங்கினாள். உலகம்மாள் கணவரை அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டே கேட்டுக்குள் போனாள்.

அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை, சீட்டு கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்தது, படுக்க வைத்தார்கள், ஊசி போட்டார்கள், வயர்களை ஒட்டினார்கள். எல்லாம் அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள். இவ்வளவுதானா என்று உலகம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது.

செண்பகாவைப் பார்த்த அதே டாக்டரம்மாதான் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தார். பிழைத்துக்கொள்வார், ஆனால் இதயத்தில் ஒரு பக்கம் இனி வேலை செய்யாது, முன்னாலேயே வந்திருந்தால் இன்னும் எவ்வளவோ செய்திருக்கலாமே என்றார். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேட் வழியாக வருகிறவர்கள் எந்தச் சாலையில் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் செண்பகா ஊர்ப்பக்கக் கேட் வழியாக வந்தாள். இப்போது பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள், அதே செல்போன் கடைதான். கொஞ்சம் மெலிந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். பூதலிங்கம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வாய் அசைந்தது. விடிந்துவிட்டதா என்று கேட்டார். விடிந்துவிட்டது என்று அவள் சொன்னாள்.

வராந்தாப் பெஞ்சில் உலகம்மாளுக்குப் பக்கத்தில் வந்து, ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"வழியில எல்லாரும் நிறுத்துனாவளா பெரியம்மா?"

"நிறுத்துனாவ. நேரமானதும் விட்டுட்டாவ." உலகம்மாள் முந்தானையைத் திருகினாள். "ஒருத்திதான் விடல."

"யாரு?"

"நாந்தான்."

செண்பகா தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

பிறகு ஏன் கோர்ட்டில் சொல்லவில்லை என்று உலகம்மாளால் கேட்க முடியவில்லை. அவள் கேட்காமலே செண்பகா சொன்னாள். "குறுக்க நின்னவுக யாருன்னு மட்டுந்தான் கேட்டாவ. நீங்க நிக்கலையே. பக்கத்துல உக்காந்துல்லா இருந்தீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். ஊர்ப்பக்கக் கேட்டில் அவள் இறங்கிப் போவதை, கண்ணிலிருந்து மறைகிறவரை உலகம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கணவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்தாள். மறிப்பாளர்களுக்கு வேலை முடிந்து, நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருந்தார்கள். அருணாசலம் விசிலை மட்டும் மறந்து பாலத்துக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். புளியமரத்தடியில் யாரும் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து புல் படிந்துபோன ஓர் இடமும், கவிழ்த்துவைத்த தம்ளரும் இருந்தன. உலகம்மாள் தம்ளரை எடுத்துக்கொண்டாள்.

கூடத்தில் பாயை விரித்து, தலைமாட்டில் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு படுத்தாள். விடிகாலையில் தாகமெடுத்து விழித்தபோது, கைக்கும் சொம்புக்கும் நடுவே ஒரு சந்து போட்டிருந்தார்கள். அகலம் அதிகம் இல்லை. போன வருஷம் செண்பகா படுத்திருந்த பாய்க்கும் தன் பாய்க்கும் நடுவே இருந்த இடம் எவ்வளவோ, அவ்வளவுதான். நீளம்தான் கண்ணுக்கு எட்டவில்லை. அதற்குள் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஊதாச் சேலைக்காரி தரையில் உட்கார்ந்திருந்தாள். உலகம்மாளைப் பார்த்ததும் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் ஒதுக்கினாள்.

உலகம்மாள் எழுந்து பாயைச் சுருட்டி வைத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சந்துக்குள் இறங்கி நடந்தாள்.